உப்புக் காற்றில் ஒரு விடுமுறை

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் நிம்மதியாக ஒரு நாள் இருந்து வர யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால், கூட்டமும் கூச்சலும் இல்லாத கடற்கரைக்கு எங்கே போவது?

மரக்காணத்தை அடுத்து எக்கியார்குப்பம் என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. 2023 மே மாதம் விஷச் சாராயத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் பலியானபோது பத்திரிகைகளில் அடிபட்ட பெயர். அந்தத் துக்கச் செய்தியோடு மறந்துவிடக் கூடிய ஊரா அது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போதே பாத்தி பாத்தியாக உப்பளங்கள் தெரியும். உவர்நீர் வெயிலில் வற்றி உப்பாய்ப் பூப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கண் கூசும் அந்த வெள்ளையில் நின்று உப்பு வாருகிறவர்களையும் காட்டுங்கள். பனிக்காலமானால் கழுவேலிக்கும் போகலாம். 2021-ல் பறவைகள் சரணாலயமான அந்த ஏரிக்குத் தொலைதேசப் பறவைகள் வருகின்றன. வரலாற்றுப் பிரியர்களுக்கு, 1760-ல் ஆங்கிலேயர் இடித்த ஆலம்பரைக் கோட்டையும் தூரமில்லை.

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கரைக்குப் போய்விடுங்கள். கால் நனைத்தால் போதும்; வங்கக் கடலின் இழுப்பு பொல்லாதது. காயும் வலையை மிதிக்காதீர்கள். நமக்கு ஓய்வு தரும் மணல், அவர்களுக்குப் பிழைப்பு நடக்கும் இடம். கரையேறிய மீனைப் பேரம் பேசாமல் வாங்கினால் இரு தரப்புக்கும் சந்தோஷம்.

வீடு திரும்பியபின், “குழம்பில் உப்பு கூடிவிட்டது!” என்று தட்டைத் தள்ளுமுன் அந்த வெயிலையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்!