காவல் அணுக்களையே அழிக்கும் பன்றிக் காய்ச்சல்

“ஊசி போட்டதும் காய்ச்சல் கொஞ்சம் இறங்குச்சு. தீனித் தொட்டியில வாய் வச்சுது. மூணாம் நாள் மறுபடியும் படுத்துடுச்சு. மருந்து சரியில்லையா?” வெண்பன்றி வளர்ப்பவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. மருந்தில் எந்தக் குறையும் இல்லாமலேயே இப்படி நடக்கும். நோய்க்குக் காரணம் வைரஸாக இருந்தால், அந்த ஊசி அதை ஒன்றும் செய்யாது.

ஸ்வைன் ஃபீவர் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பன்றிக் காய்ச்சல் அப்படிப்பட்ட வைரஸ் நோய்தான். மனிதர்களுக்கு வரும் பன்றிக் காய்ச்சல் வேறு, இது வேறு. இது மனிதர்களுக்குத் தொற்றாது.

உடலுக்குள் நடப்பது என்ன?

தீனி, தண்ணீர் வழியாகவோ, நோயுற்ற பன்றியின் எச்சில், சாணம் வழியாகவோ இந்த வைரஸ் உள்ளே போகிறது. முதலில் தொண்டையில் உள்ள டான்சிலில் பெருகுகிறது. அங்கிருந்து நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவுகிறது. இவை எல்லாமே நோய் எதிர்ப்பு வேலை நடக்கும் இடங்கள். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய அணுக்களுக்குள்ளேயே வைரஸ் குடியேறிப் பெருகிவிடுகிறது. அந்த அணுக்கள் வெளியிடும் பொருட்களால், வைரஸ் தொடாத வெள்ளை அணுக்களும் கூட்டமாக மடிகின்றன. இரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரிகிறது.

காவல் குறைந்ததும், சாதாரண நாளில் தொந்தரவு தராத பாக்டீரியாக்கள் நுரையீரலிலும் குடலிலும் பெருகுகின்றன. சளியும் கழிச்சலும் வருகின்றன. ஆன்டிபயாடிக் ஊசி இந்த பாக்டீரியாக்களைத்தான் கட்டுப்படுத்தும். அதனால் ஓரிரு நாள் தேறியது போலத் தெரியும். வைரஸ் தன் வேலையை நிறுத்துவதில்லை.

அறிகுறிகள்

நல்ல நிலையில் உள்ள பன்றியின் உடல் வெப்பம் சுமார் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த நோயில் அது 105-க்கு மேல் போகும். பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துப் படுக்கும். கண்ணில் பீளை தள்ளும். முதலில் மலச்சிக்கல், பிறகு கழிச்சல். பின்னங்கால் தள்ளாடும். காது, வயிறு, தொடைப் பகுதிகளில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றும்.

சினைப்பன்றியைத் தாக்கினால் கரு கலையலாம், குட்டிகள் இறந்தும் பிறக்கலாம். இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. சினையின் நடுப்பகுதியில் வைரஸ் கருவுக்குள் போனால், குட்டியின் உடல் அதை எதிரியாக அடையாளம் காணாமலே வளரும். அப்படிப் பிறக்கும் குட்டி சில மாதங்கள் உயிரோடிருந்து, கொட்டகை முழுவதும் வைரஸைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இதே அறிகுறிகளோடு வரும் வேறொரு வைரஸ் நோய். அதுவும் விழுங்கும் அணுக்களைத்தான் தாக்குகிறது. 2020-ல் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசத்தில் தொடங்கி, 2022-ல் கேரளத்தின் வயநாட்டுக்கும், 2023-ல் முதுமலைக் காட்டுப்பன்றிகளுக்கும் வந்துவிட்டது. பார்வையில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆய்வகப் பரிசோதனைதான் வழி.

தடுப்பது எப்படி?

பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. முன்பு முயல்களைக் கொண்டு தயாரித்தார்கள். ஒரு முயலிலிருந்து சுமார் 50 பேருக்கான அளவு அல்ல, 50 பன்றிகளுக்கான அளவே கிடைத்தது. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, செல் வளர்ப்பு முறையில் தயாராகும் தடுப்பூசி 2020-ல் வெளியிடப்பட்டது.

* பன்றிக்குட்டி நோய் எதிர்ப்புப் பொருள் இல்லாமல்தான் பிறக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள்.
* சீம்பாலில் வந்த பாதுகாப்பு இருக்கும்போதே தடுப்பூசி போட்டால் ஊசி வீணாகலாம். பொதுவாக 2 மாத வயதையொட்டிப் போட்டு, ஆண்டுதோறும் தொடர்வது வழக்கம். சரியான நாளைக் கால்நடை மருத்துவர் சொல்வார்.
* ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. ஏற்கெனவே காய்ச்சலில் கிடக்கும் பன்றியை அது காப்பாற்றாது.
* ஓட்டல் கழிவை அரை மணி நேரமாவது கிளறிக்கிளறிக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகே கொடுங்கள். அதில் கிடக்கும் பன்றி இறைச்சித் துண்டில் வைரஸ் இருக்கலாம்.
* வாங்கி வந்த பன்றியை 30 நாட்கள் தனியே கட்டி வையுங்கள்.
* வியாபாரியின் வண்டியைக் கொட்டகை வரை விடாதீர்கள்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு நம் நாட்டில் தடுப்பூசி இல்லை. அதற்கு மேற்சொன்ன சுத்தமும் கட்டுப்பாடும்தான் காவல்.

ஒன்று படுத்துவிட்டால்?

கொட்டகையில் ஒன்று படுத்ததும், மீதியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். கடன் வாங்கிக் கட்டிய கொட்டகை, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு நம்பியிருந்த குட்டிகள் என்றால் அந்த எண்ணம் வருவது இயற்கை. ஆனால் நன்றாகத் தெரியும் பன்றியும் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கலாம். அதை வாங்குபவரும் இன்னொரு சிறு விவசாயிதான். அவர் கொட்டகையில் கிளம்பும் நோய் சந்தை வழியாக மறுபடி நம் ஊருக்கே வரும்.

எனவே விற்பனையை நிறுத்தி, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள். இறந்த பன்றியை அறுக்காமல், ஓடையில் வீசாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். மருத்துவர் வரும்வரை ஒரே ஆள் மட்டும் கொட்டகைக்குள் போய்வருவது நல்லது. முதல் பன்றி படுத்த அன்றே தகவல் போனால், ஊரில் உள்ள மற்ற கொட்டகைகளையாவது காப்பாற்றிவிடலாம்.