எதிரொலி சொல்லும் திருத்தம்

தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்கு மேலே, சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் துகள்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுத்து அயனிமண்டலத்தை உண்டாக்குகின்றன. அதைத் தரையிலிருந்தே அளக்கும் கருவி அயனோசோண்டு. அமெரிக்காவில் 1925-இல் ப்ரைட்டும் டியூவும் செய்த சோதனையின் வழிவந்தது இது. அதிர்வெண்ணை ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து படிப்படியாக உயர்த்தியபடி ரேடியோ துடிப்புகளைச் செங்குத்தாக அனுப்பும். எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று குறிக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் எதிரொலியே வராது. அலை அயனிமண்டலத்தைத் துளைத்துப் போய்விட்டது என்று பொருள். அந்த எல்லை 10 மெகாஹெர்ட்ஸ் என்றால், அங்கே மிக அடர்ந்த அடுக்கில் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 12 லட்சம் எலக்ட்ரான்கள் உள்ளன.

அயனோசோண்டு இல்லாத இடத்துக்கும் வராத நாளுக்கும் இந்த அடர்த்தியைக் கணக்கிட்டுச் சொல்வது கணித மாதிரியின் வேலை. பரவலாகப் பயன்படும் ஐஆர்ஐ (சர்வதேச மேற்கோள் அயனிமண்டலம்) மாதிரியின் முதல் பதிப்பு 1978-இல் வெளியானது. அதன் கணிப்பும் அளவீடும் பொருந்தாதபோது மாதிரி தோற்றுவிட்டதாகச் சொல்வது அவசரம். முதலில் ஒப்பீடு நியாயமானதா என்று பார்க்க வேண்டும். மாதிரி தருவது ஒரு மாதத்தின் பொதுவான நிலையை. அயனோசோண்டு தருவது அந்தக் கணத்தை. காந்த நடுக்கோட்டை ஒட்டிய திருநெல்வேலியில், பகலில் மின்புலம் எலக்ட்ரான்களை மேலே தூக்கி வடக்கிலும் தெற்கிலும் கொட்டுகிறது. மின்புலம் நாளுக்கு நாள் மாறுவதால் ஒற்றை நாளை மாத நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு வரத்தான் செய்யும். எல்லை அதிர்வெண்ணில் 10 சதவீதப் பிழை, அடர்த்தியில் சுமார் 20 சதவீதமாகப் பெருகுவதையும் மறக்கக் கூடாது. அடர்த்தி அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்தது.

பழைய அயனோசோண்டு அளவீடுகளிலிருந்தே மாதிரியைச் செய்துவிட்டு, அயனோசோண்டைக் கொண்டே அதைச் சோதிப்பது ஏமாற்று அல்லவா என்று கேட்கலாம். அதே அளவீடுகளால் சோதித்தால் ஏமாற்றுதான். புதிய ஆண்டுகளின் அளவீடுகளால் சோதித்தால் அல்ல. கருவியும் குறையற்றதல்ல: உச்ச அடுக்குக்கு மேலே அதனால் பார்க்க முடியாது, அலை வழியில் வேகம் குறைவதால் அது காட்டும் உயரம் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரே திசையில் நிற்கும் வேறுபாடுதான் மதிப்புள்ளது. 2008, 2009-இல் சூரியன் நெடுநாள் அடங்கிக் கிடந்தபோது ஐஆர்ஐ பல இடங்களில் அளவீட்டைவிட மிகையாகவே கணித்தது. சூரியனின் நிலையைக் குறிக்க மாதிரி பயன்படுத்தும் கரும்புள்ளி எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே இறங்க முடியாது. ஆனால் சூரியனின் கதிர்வீச்சு மேலும் குறைய முடியும். அந்த எண்ணிக்கையை நம்பி நிற்கும் எந்தக் கணக்குக்கும் அது ஒரு எச்சரிக்கை.