நாரும் போதையும்

துணிக்கடைகளில் 'ஹெம்ப்' என்றொரு சொல்லை அண்மைக் காலமாகத் தாங்கள் கண்டிருக்கலாம், வாசகர்களே. சட்டை, கைப்பை, காலணி என இந்நாரில் செய்த பொருட்கள் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. இதைத் தமிழில் 'சணல்' என்று எழுதிவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நமக்குச் சணல் என்றால் கோணிச் சாக்கு. வங்காளத்தில் மிகுதியாக விளையும் செடி அது. நம் உழவர்கள் பசுந்தாள் உரத்துக்காக விதைக்கும் சணப்பு வேறு. ஹெம்ப் இவ்விரண்டுமன்று. அது கஞ்சாச் செடியின் இனமே!

இதைக் கேட்டதும், "அப்படியானால் உடுத்தலாமா?" என்று நம் இல்லங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போதைச் சத்து இச்செடியின் பூக்களிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றிலைகளிலும் பிசினாகச் சுரக்கிறது. துணிக்குரிய நாரோ தண்டின் பட்டையிலிருந்து கிடைப்பது. மேலும், நாருக்கென வளர்க்கும் வகைகளில் அச்சத்து மிகமிகக் குறைவு. 2018-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் அதற்கு 0.3 விழுக்காடு என வரம்பு வகுத்தது. போதை ஹராம் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் ஊறவைத்து, அடித்து, சீவி, நூற்றெடுத்த நூலில் போதை ஏது?

நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இயற்றப்பட்டது. கஞ்சா என்று அது கூறுவது பூக்கும், காய்க்கும் நுனிகளைத்தான். நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்றும் அதில் உள்ளது. அதன்படி 2018-இல் உரிமம் வழங்கத் தொடங்கியது உத்தராகண்ட் மாநிலம். அங்குள்ள மலையூர்களுக்கு இது புதுமையன்று. குமாவோன், கர்வால் பகுதிகளில் இந்நாரில் கயிறு திரித்தார்கள். 'பங்கேலா' என்னும் முரட்டுத் துணியும் நெய்தார்கள். விதையைச் சட்னி அரைத்து உண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. அரபியில் இச்செடி 'கின்னப்', இலத்தீனில் 'கன்னாபிஸ்'. 'கான்வாஸ்' என்ற சொல்லும் அந்த இலத்தீன் சொல்வழி வந்ததே.

நெருக்கமாக விதைத்தால் களைக்கு இடம் தராது; ஏறத்தாழ நான்கு மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும்; பருத்தியைவிடக் குறைந்த நீரும் மருந்தும் போதும். இவை மெய்யே. ஆனால் விளம்பரங்கள் சொல்லாமல் விடுவதும் உண்டு. தண்டுகளைக் குளத்திலோ ஓடையிலோ ஊறப்போட்டால் அந்நீர் அழுகி மீன்கள் மடியும். நார் நீண்டு தடித்திருப்பதால் பருத்தி ஆலை இயந்திரத்தில் அப்படியே ஓடாது. அதைப் பஞ்சுபோல் மென்மையாக்க வேண்டும். இதற்குச் சில ஆலைகள் இரசாயனம் சேர்க்கின்றன. பிறகு பருத்தியுடன் கலந்து நூற்கிறார்கள். 2019-இல் லீவைஸ் நிறுவனம் வெளியிட்ட ஆடைகளும் இத்தகைய கலப்புத் துணியே. அதில் பெரும்பங்கு பருத்திதான்.

ஆகவே வாங்குமுன் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். எத்தனை விழுக்காடு ஹெம்ப் என்று அதில் இருக்கும். புதுத்துணி சற்று முரடாக இருக்கும். துவைக்கத் துவைக்க மென்மையாகும். கசங்கும் குணம் மட்டும் போகாது. பெருநாள் சட்டைக்கு இதை வாங்குவோர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியதுதான்.