உறைக்குள் மொய், நோட்டில் பெயர்

ஜோகூர் பாரு பெர்மாஸ் ஜெயா வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டோரண்ட் செயலியில் என்கிரிப்ஷனைக் கட்டாயமாக்கிவிட்டேன். இனி நான் எதை இறக்குகிறேன் என்று யாருக்கும் தெரியாதுதானே, சார்?"

தெரியும். எந்தப் பூட்டையும் உடைக்காமலே தெரியும்.

கல்யாண மண்டபத்தில் மொய் உறையை எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும், வாசல் மேசை நோட்டில் உங்கள் பெயர் ஏறிவிடும். டோரண்ட் மண்டபத்தில் பெயர் எழுதாமல் இலையே விழாது. எழுதியதும் அந்த நோட்டின் நகல் உங்கள் கைக்கும் வரும், வருகிற எல்லார் கைக்கும் போகும். சாப்பிட உட்கார்ந்தவரே பக்கத்து இலைக்குப் பரிமாறவும் வேண்டும். இதற்கு மேல் உவமையை இழுத்தால் சாம்பார் கொட்டும்.

அந்த நோட்டுதான் டிராக்கர். கேட்டவருக்கெல்லாம் முகவரிப் பட்டியல் தரும். வழக்கமான வடிவத்தில் ஆளுக்கு 6 பைட்: ஐபி எண்ணுக்கு 4, போர்ட்டுக்கு 2. மறைக்க அதில் இடமே இல்லை.

நான் ரசிப்பது அந்த என்கிரிப்ஷனின் சாவி பிறக்கும் இடத்தை. இரண்டு கணினிகள் டிஃபி-ஹெல்மன் முறையில் ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கி, அதோடு கோப்பின் 20 பைட் அடையாளமான இன்ஃபோஹாஷையும் குழைத்துச் சாவி செய்கின்றன. வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு அது நல்ல தடைதான். ஆனால் அந்த இன்ஃபோஹாஷ், ஊரெல்லாம் சுற்றும் மேக்னெட் இணைப்பிலேயே இருக்கிறது. வேவு பார்ப்பவர் அதை வைத்துக்கொண்டு கூட்டத்தில் வந்து உட்காருகிறார். உங்கள் கணினி அவருடனும் முறைப்படி சாவி மாற்றிக்கொண்டு, துண்டு துண்டாக மறையாக்கி, அவருக்கே அனுப்பிவைக்கும்!

வரலாறு கொஞ்சம்தான். 2006 வாக்கில் இந்த மறையாக்கம் வந்தது, டோரண்ட் வேகத்தைக் குறைத்த இணைய நிறுவனங்களுக்குத் தண்ணி காட்டத்தான். அந்தரங்கம் அதன் முதன்மை வேலையாக இருந்ததில்லை.

வேவு பார்த்து என்ன செய்வார்கள்? 2015இல் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரில், 'டல்லாஸ் பையர்ஸ் கிளப்' படத்தின் உரிமையாளர்கள் 500க்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளைத் திரட்டினார்கள். உயர்நீதிமன்ற உத்தரவு பெற்று, சந்தாதாரர் விவரங்களை இணைய நிறுவனங்களிடம் வாங்கி, இழப்பீடு கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். ஐபி காட்டுவது சந்தாவைத்தான், ஆளை அல்ல. மகன் இறக்கிய படத்துக்கு அப்பா பெயரில் கடிதம் வரலாம்.

விபிஎன்? யூடியூப் விளம்பரம் சொல்லும் மாயக்கம்பளம் அல்ல அது. நோட்டில் உங்களுக்குப் பதில் விபிஎன் நிறுவனம் என்ற பெரியப்பாவின் பெயர் ஏறும். வந்தது யாரென்று பெரியப்பாவுக்குத் தெரியும். விபிஎன் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும், செயலி சொந்த முகவரியோடு போய்ப் பெயர் கொடுத்துவிடக்கூடும். விபிஎன் வழியாக மட்டுமே பேசும்படி கட்டிவைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. கியூபிட்டோரண்டில் அது 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் இருக்கிறது, என்கிரிப்ஷன் பொத்தானுக்குப் பக்கத்தில் அல்ல.