அடிநீரும் ரத்தமும்

கொரோனாக் காலத்தில் ஒரு நாள், நெய்வேலியில் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமர நிழலில், சுரங்கத்து நீரிறைக்கும் பம்புகளோடு உத்தியோக காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், உள்ளே படுத்திருந்த மகனின் ரத்தப் பரிசோதனைத் தாளை முழங்காலின் மேல் நீவி வைத்து, நட்சத்திரக் குறியிட்ட எண்களின் மீது விரலை ஓட்டியபடி என்னைக் கேட்டார்: “தம்பி, இதெல்லாம் ஏறினா ஆபத்தா, இறங்கினா ஆபத்தா?”

நியாயமான சந்தேகம். 20 முதல் 40 சதவீதம் இருக்கவேண்டிய லிம்போசைட் 9-க்கு இறங்கியிருந்தது, சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர் மூன்றும் ஏறியிருந்தன. லிம்போசைட் என்பது வைரஸோடு பொருதும் வெள்ளணு. அது குறைந்தால் சேனை மெலிகிறது. சி.ஆர்.பி.யும் ஃபெரிட்டினும் சரீரத்தில் மூண்ட அழற்சியின் உக்கிரத்தைக் காட்டுபவை. நாளங்களுக்குள் உறைந்த ரத்தம் கரையும்போது உதிரும் துணுக்கே டி-டைமர்.

வூஹான் நகரத்தின் இரண்டு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 191 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2020 மார்ச்சில் ‘லான்செட்’ வெளியிட்ட கட்டுரை, சேர்க்கப்பட்ட அன்றே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களுக்கு மரண அபாயம் மிகுதி என்று கண்டது. அந்த 191 பேரில் 54 பேர் மாண்டனர். ஆயினும் அதனினும் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று அதிலேயே இருக்கிறது: பிழைத்தவர்களுக்கும் லிம்போசைட் இறங்கத்தான் செய்தது, நோய் தொடங்கிய ஏழாம் நாளையொட்டி அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறியது. மாண்டவர்களுக்கோ அது கடைசிவரை ஏறவேயில்லை.

டெங்குவிலும் இதே பாடந்தான். மழைக்காலம் வந்துவிட்டால் “பிளேட்லெட் எவ்வளவு?” என்பதே டவுன்ஷிப்பில் குசலப் பிரச்னமாகிவிடுகிறது, ஆனால் பிளேட்லெட் சரிகையில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹெமட்டோகிரிட் கூடவே ஏறுகிறதா என்பதே வைத்தியரின் கவலை, ஏறினால், நாளங்களிலிருந்து பிளாஸ்மா கசிகிறது என்று பொருள். ஜுரம் விட்டதென்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் வேளையே பெரும்பாலும் அந்த அபாய வேளை.

ஆகவே நூறு பேரைப் பற்றிய கணக்கை ஒருவருடைய ஜாதகமாகப் படிக்கலாகாது. வயது, சர்க்கரை நோய், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றோடு சேர்த்து, தினந்தோறும் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் உண்டாகிறது. வூஹான் கதையைக் கூறி, இவ்வளவையும் நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன்.

பெரியவருக்கு அது புதிதாக இல்லை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஆர்ட்டீசியன் நீர் அழுத்தத்தோடு அடங்கிக் கிடக்கும் பூமி நெய்வேலி. இறைப்பு ஓய்ந்தால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலெழும்பும். “கிணத்துல இன்னைக்கு மட்டம் எவ்வளவுன்னு மட்டும் பார்த்து நாங்க பம்பைத் தொட்டதே இல்லை, தம்பி” என்றவர், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு எழுந்து, நேற்றைய தாளைக் கேட்டு வாங்கி வர உள்ளே நடந்தார்.