இரவில் கேட்கும் இருமல்: குழந்தைகளின் ஆஸ்துமாவை அறிவது எப்படி?

விடியற்காலையில் போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் ஜீப்புகள் முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை அழைத்துச் செல்கின்றன. அவர்களுள் பலர் இளம் தாய்மார்கள். வேலை முடித்து அந்தி சாயும் வேளையில் வீடு திரும்பும் அவர்கள் அயர்ந்து உறங்கிவிடுகிறார்கள். குழந்தையோ பெரும்பாலும் பாட்டியின் அருகில் படுத்துக்கொள்கிறது.

நெடுநாளாக இருமும் குழந்தையை, ஒருநாள் கூலியை இழந்து எங்களிடம் அழைத்து வருபவர் அந்தத் தாய்தான். “இருமல் எந்த நேரத்தில் மிகுதியாக வருகிறது? இரவில் விழித்துக்கொள்கிறதா?” என்று கேட்டால் அவர் தயங்குகிறார். “அத்தைக்குத்தான் தெரியும், டாக்டர்” என்கிறார். குழந்தையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்கிறோம். ஒலி தெளிவாக இருக்கிறது. ஊடுகதிர்ப் படமும் இயல்பாகவே இருக்கிறது. எனினும் ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட இயலாது. பகலில் மறைந்து இரவில் தலைகாட்டுவது இந்நோயின் இயல்பாகும்.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நீடித்து நிற்கும் அழற்சியாகும். அழற்சியுற்ற குழாய்கள் சளித்தொற்று, புகை, தூசி, குளிர்காற்று ஆகியவற்றுக்கு எளிதில் சுருங்கிவிடும். இரவின் பிற்பகுதியில் மூச்சுக்குழாய்கள் இயல்பாகவே சற்றுக் குறுகுவதால், அதிகாலையில் தொல்லை மிகுகிறது. சில குழந்தைகளுக்கு ‘இழுப்பு’ வெளிப்படையாகக் கேட்கும். சிலருக்கு இருமலே முதன்மையான அறிகுறியாக இருக்கும்.

பின்வருவனவற்றுள் பல ஒருங்கே காணப்பட்டால் ஆஸ்துமாவை ஐயுற வேண்டும்.

• இருமல் 4 வாரங்களுக்கு மேல் நீடித்தல், அல்லது விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வருதல்.
• இரவிலோ விடியற்காலையிலோ இருமி விழித்துக்கொள்ளுதல்.
• ஓடி விளையாடும்போதும், சிரிக்கும்போதும், அழும்போதும் இருமல் எழுதல்.
• ஒவ்வொரு சளியும் நெஞ்சில் இறங்கி, 10 நாட்களைக் கடந்தும் தீராதிருத்தல்.
• மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலி கேட்டல்.
• குழந்தைக்குத் தோல் கரப்பானோ அடுக்குத் தும்மலோ இருத்தல். பெற்றோருக்கு ஆஸ்துமா இருத்தல்.

நீண்ட நாள் இருமல் எல்லாம் ஆஸ்துமாவன்று என்பதையும் வலியுறுத்த விரும்புகிறோம். வேறு அறிகுறி எதுவுமின்றி வறட்டு இருமல் மட்டும் உள்ள குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா இருப்பதில்லை. பகலெல்லாம் ஓயாது இருமி, உறங்கியதும் முற்றிலும் நின்றுவிடும் இருமல் பழக்கத்தால் வருவதாக இருக்கலாம். நிலக்கடலையோ புளியங்கொட்டையோ தின்னும்போது புரையேறி, அன்றிலிருந்து இருமல் தொடங்கியிருந்தால், அப்பொருள் மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். நாள்தோறும் சளியுடன் கூடிய ஈர இருமல், எடைக்குறைவு, தொடர்காய்ச்சல், இருமலில் இரத்தம், வீட்டில் காசநோயாளி இருத்தல் ஆகியவையும் வேறு நோயைச் சுட்டுகின்றன. இருமல் 2 வாரங்களைக் கடந்தாலே காசநோய்ப் பரிசோதனை தேவை. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. ஆனால் உரிய பரிசோதனையின்றி, ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்ற பெயரில் மாதக்கணக்கில் காசநோய் மருந்து உட்கொண்டபின் ஆஸ்துமாவுடன் வரும் குழந்தைகளையும் நாங்கள் காண்கிறோம்.

கடையில் இருமல் மருந்தை மாற்றி மாற்றி வாங்கிக் கொடுப்பது ஆஸ்துமாவைத் தணிக்காது. அதில் ஆபத்தும் உண்டு. 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள் கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏறத்தாழ 5, 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் குழாயில் ஊதச் செய்து, ‘ஸ்பைரோமெட்ரி’ என்னும் பரிசோதனை மூலம் மூச்சின் வேகத்தை அளக்கிறோம். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்து மீண்டும் ஊதும்போது அளவு குறிப்பிடத்தக்க வகையில் உயர்ந்தால், ஆஸ்துமா என்பதற்கு அது வலுவான சான்றாகும். அதனினும் சிறிய குழந்தைகளுக்கு 2 அல்லது 3 மாதங்கள் தடுப்பு மருந்து கொடுத்து, இருமல் குறைகிறதா, நிறுத்தினால் திரும்புகிறதா என்று பார்த்து முடிவு செய்கிறோம்.

இன்ஹேலர் என்றதும் “பழகிவிடுமே” என்று அஞ்சுவோர் பலர். அது பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் பொதுவாக 2 மில்லிகிராம் மருந்து உள்ளது. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராமே உள்ளது, அதாவது 20இல் ஒரு பங்கு. மருந்து நேராக மூச்சுக்குழாயை அடைவதால் இச்சிறு அளவே போதுமானது. குழந்தைகளுக்கு ‘ஸ்பேசர்’ என்னும் குடுவையைப் பொருத்தியே கொடுக்க வேண்டும். நாள்தோறும் உறிஞ்சும் ஸ்டீராய்டு தடுப்பு மருந்தால் உயரம் சுமார் 1 செ.மீ. குறையக்கூடும். கட்டுப்படாத ஆஸ்துமா விளைவிக்கும் கேட்டை நோக்க இது மிகச் சிறிதே. மருந்துக்குப்பின் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

நம் பகுதிக்கே உரிய சிலவற்றையும் கவனிக்க வேண்டும். போடியில் இலவம்பஞ்சுத் தலையணையும் மெத்தையும் இல்லாத வீடு அரிது. பழைய படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் பெருகும். பஞ்சு பிரிக்கும் இடத்தில் குழந்தையை வைத்திருக்காதீர்கள். தலையணையை நெருக்கமான நெசவுள்ள உறையிட்டுப் பயன்படுத்தி, உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். விறகடுப்பு, கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஆகியவற்றின் புகையிலிருந்து குழந்தையை விலக்கி வையுங்கள். தோட்டத்தில் மருந்தடித்த உடையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

விலா எலும்புகளுக்கு இடையே தசை உள்ளிழுத்தல், பேசவோ பால் குடிக்கவோ இயலாமை, உதடு நீலம் பாரித்தல், சோர்ந்து துவளுதல், 1 முதல் 5 வயதுவரை உள்ள குழந்தை அமைதியாக இருக்கையிலும் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விடுதல் ஆகியவை அபாய அறிகுறிகளாகும். மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே உடனே புறப்படுங்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 108ஐ அழைக்கலாம். தோட்டத்தில் தங்கியிருப்போர், விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. மலைப்பாதையைக் கடக்கவே நேரம் பிடிக்கும்.

எங்களிடம் வருமுன் 2 வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதி வாருங்கள்: எத்தனை இரவுகள் இருமி விழித்தது, எத்தனை மணிக்கு, அன்று பகலில் என்ன செய்தது. எழுத இயலாதெனில் நாட்காட்டியில் அந்தந்த நாளுக்கு ஒரு கோடு இட்டாலும் போதும். உறங்கும் குழந்தை இருமுவதைச் செல்பேசியில் பதிவு செய்து வந்தால் மிகவும் உதவும். இயன்றால், இரவில் குழந்தையின் அருகில் படுக்கும் பாட்டியையும் உடன் அழைத்து வாருங்கள். அவர் சொல்வதை நாங்கள் முதலில் கேட்க விரும்புகிறோம்.