சான்று கூறும் வட்டு

நுழையும் முன்
கண்ணால் காண்பதே மெய் என்பர். மூடிய கலத்தினுள் நிகழ்வதை எவ்வாறு காண்பது? தொழிற்சாலைகளில் இவ்வினாவுக்கு விடை தரும் பதிவுக்கருவியைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லைக்கு அண்மையில் அமைந்துள்ளது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கப்பெற்ற மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடம் இங்குதான் முடிகிறது. இயந்திர உறுப்புகள், மின்னணுப் பொருள்கள், மருந்துகள் எனப் பலவும் இங்கு உருவாகின்றன. பயோகான் என்னும் மருந்து நிறுவனத்தின் வளாகமும் இங்கு உள்ளது. மாணவர்களே! உங்கள் பெற்றோருள் சிலர் இத்தகைய ஆலைகளில் பணிபுரியக்கூடும்.

ஊசி மருந்தை எடுத்துக்கொள்வோம். அது உடலினுள் நேரே செலுத்தப்படுவது. அதில் ஒரு நுண்ணுயிரும் இருத்தல் ஆகாது. எனவே, வெப்பம் தாங்கும் மருந்துகளையும் கருவிகளையும் ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவிக் கலத்தில் வைத்து, 121 டிகிரி செல்சியசில் குறைந்தது 15 நிமிடம் சூடேற்றுவது வழக்கம். நுண்ணுயிர் முற்றும் அழிந்ததா என அறிய ஒவ்வொரு குப்பியையும் திறந்து பார்க்க இயலாது. திறந்த குப்பி நோயாளிக்குப் பயன்படாது. சில குப்பிகளைச் சோதிக்கலாம். எஞ்சியவற்றுக்குச் சான்று யாது? கலத்தினுள் வெப்பம் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரம் நிலைத்தது என்னும் பதிவே முதன்மையான சான்று. அப்பதிவு இல்லையெனில், மருந்து நன்றாகவே இருப்பினும் அதனை நம்பி அனுப்ப இயலாது.

தொடக்கத்தில் இப்பதிவுகள் காகிதத்தில் அமைந்தன. கடிகாரப் பொறியால் மெல்லச் சுழலும் வட்டமான தாளின்மேல், மை நிரப்பிய முள் கோடு வரைந்துகொண்டே செல்லும். வெப்பம் உயர்ந்தால் கோடு விலகும்; தாழ்ந்தால் திரும்பும். அமெரிக்கரான வில்லியம் பிரிஸ்டல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய கருவிகளைப் பரவச் செய்தவர்களுள் ஒருவர். ஆயினும், மை உலர்ந்தால் கோடு அறுபடும்; தாள் கசங்கும்; பழைய தாள்களை அடுக்கி வைக்க அறைகள் தேவைப்படும்.

பின்னர்த் தாள் இல்லாப் பதிவுக்கருவிகள் வந்தன. இவற்றில் உணரி வெப்பத்தை அறிகிறது. கருவி அதனை எண்ணாக மாற்றுகிறது. அந்த எண், நேரத்துடன் சேர்த்து உள்நினைவகத்தில் எழுதப்படுகிறது. திரையில் கோடாகவும் தோன்றுகிறது. உள்நினைவகம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அது நிறைந்ததும் புதிய எண்கள் பழையவற்றின்மேல் எழுதப்படும். ஆகவே, கழற்றி எடுக்கக்கூடிய வட்டு ஒன்றில் படியெடுத்துக்கொள்ளும் வசதி அமைக்கப்பட்டது. ஜப்பானின் யோகோகாவா நிறுவனம் வெளியிட்ட டிஎக்ஸ்100 என்னும் கருவியில் நெகிழ்வட்டு, ஜிப் வட்டு, நினைவக அட்டை ஆகியவற்றுள் ஒன்றனைத் தெரிந்து பொருத்தலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆறு உணரிகள் நொடிக்கு ஒருமுறை அளக்கின்றன. ஓர் அளவுக்கு 2 பைட் இடம் வேண்டும் எனக் கொள்வோம். நொடிக்கு 12 பைட். ஒரு நாளில் உள்ள 86,400 நொடிகளுக்கு 10,36,800 பைட். நெகிழ்வட்டின் கொள்ளளவு 14,74,560 பைட். எனவே, ஒரு வட்டு ஏறத்தாழ 34 மணிநேரம் தாங்கும். சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் புதிய வட்டைப் பொருத்திவிட்டுச் சென்றால், திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்கே அது நிறைந்துவிடும். ஞாயிறு அன்று வட்டை மாற்ற ஒருவர் வேண்டும். அல்லது பத்து நொடிக்கு ஒருமுறை பதியுமாறு கருவியை அமைக்க வேண்டும். அவ்வாறு அமைத்தால் ஒரே வட்டு 14 நாள் வரும். ஆனால், இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்ட நொடிகளில் நிகழ்வது பதிவாகாது. இன்றைய நினைவக அட்டைகளில் இந்நெருக்கடி இல்லை. 1 ஜிகாபைட் அட்டையே இதே அளவில் இரண்டரை ஆண்டுகளுக்குப் போதும்.

இடம் பெருகினாலும் கவனம் குறைதல் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது வட்டை உருவினால் கோப்பு சிதையும். கருவியின் கடிகாரம் பிழைபட்டால், எண்கள் சரியாக இருந்தும் பதிவு பொய்யாகும். படியெடுத்ததைத் திறந்து பார்த்து உறுதி செய்த பின்னரே மூலத்தை அழிக்க வேண்டும். மேலும், எண்களை எவரும் மறைவாகத் திருத்த இடம் தருதல் ஆகாது. மின்னணுப் பதிவுகளை யார், எப்பொழுது மாற்றினார் என்பதும் பதிவாக வேண்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997ஆம் ஆண்டு விதி வகுத்தது. அந்நாட்டுக்கு மருந்து அனுப்பும் இந்திய ஆலைகளும் இவ்விதிக்கு உட்பட்டவையே.

வட்டுகளுக்கும் முதுமை உண்டு. சோனி நிறுவனம் 2011ஆம் ஆண்டு ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. நெகிழ்வட்டைப் படிக்கும் கணினியை இன்று தேடித்தான் காண வேண்டும். நம் முன்னோர் செல்லரித்த ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்கு நூல்களைப் பெயர்த்தெழுதிக் காத்தனர். அவ்வாறே பழைய வட்டில் உள்ளதைப் புதியதற்கு உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்பவர் பொம்மசந்திராவையோ, அங்கு இரவுப் பணியில் வட்டு மாற்றிய தொழிலாளியையோ அறியார். எனினும், அவரது நலம் அத்தொழிலாளியின் நேர்மையான பதிவைச் சார்ந்துள்ளது.

சொல்லும் பொருளும்
கலம் – பாத்திரம்
உணரி – வெப்பம், அழுத்தம் முதலியவற்றை அறியும் உறுப்பு
நெகிழ்வட்டு – பிளாப்பி
செல்லரித்தல் – கரையானால் அழிதல்

பயிற்சி
1. ஒவ்வொரு குப்பியையும் திறந்து சோதிக்க இயலாதது ஏன்?
2. மூன்று உணரிகள் மட்டும் இருந்தால் ஒரு நெகிழ்வட்டு எத்தனை மணிநேரம் தாங்கும்? கணக்கிடுக.
3. உங்கள் பெற்றோர் தம் பணியிடத்தில் எவற்றைப் பதிவு செய்கின்றனர், எதில் பதிவு செய்கின்றனர் என்பதைக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.